பட்டம் வாங்காத நகர வைத்தியர்



கொஞ்சம் கெட்டிக்காரனாக, எதற்கும் அசராதவனாக ஒருத்தன் இருந்தால் அவனைச் சரியான எம்டன் என்று சொல்வார்கள். நம் தாத்தா காலத்துப் பேச்சு இது. எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப் போர் தொடங்கிய சமயம், 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, சத்தமில்லாமல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. சென்னையில் இருந்தவர்கள் வெலவெலத்துப் போய் மூட்டை முடிச்சைக் கட்டினார்கள். அன்றிலிருந்து எம்டன் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். தெரியாத மீதிக் கதை ஒன்று இருக்கிறது. அதே எம்டன், அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, அரபிக் கடலில் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த பெட்டிகள் சிலவற்றில் தங்கமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. இருந்ததெல்லாம் வரைபடங்கள், ஊர்களின் படங்கள், மாதிரிகள்! ஒரு மனிதர் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நகரக் கண்காட்சி அது. மொத்தமும் கடலுக்கு அடியில் போய்விட்டது.

அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் அப்போது வேறொரு கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். வயது அறுபது. பெயர் பேட்ரிக் கெடிஸ். நகர அமைப்பு என்ற துறையின் தந்தைகளில் ஒருவர் என்று இன்றைக்கு உலகம் அவரைக் கொண்டாடுகிறது. இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கையைப் பற்றியது.

ஏன் இவரைப் பற்றி?

முதலில் ஒரு சின்ன விஷயம். நாங்கள் சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப் போயிருந்தபோது நடந்தது. ஒரு தெருவில் நான் ரேஞ்சிங் ராடைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நண்பன் டேப்பை இழுக்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாக எழுந்து வந்து, ஏன் சாமி, எங்க வீட்டை இடிக்கப் போறீங்களா என்று கேட்டார். இல்லை பாட்டி, நாங்க படிக்கிற பசங்க, சும்மா அளந்து பார்க்கிறோம் என்றேன். பாட்டி நம்பவில்லை. நாங்கள் அந்தத் தெருவை விட்டுப் போகும்வரை வாசலிலேயே நின்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அளவு எடுக்க வருகிறவனைப் பார்த்து ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள்? நாம் படித்து முடித்து, நாளைக்குச் சர்வேயராகவோ, டிராஃப்ட்ஸ்மேனாகவோ, மேற்பார்வையாளராகவோ போகிறோம். ஊருக்குத் திட்டம் போடுகிறவர் எங்கேயோ பெரிய ஆபீஸில் இருப்பார். ஆனால் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் குறி போடப் போகிறவன் நம்மில் ஒருத்தன்தான். அந்தக் குறியைப் போடுவதற்கு முன்னால் என்ன செய்யணும் என்று நமக்கு யார் சொல்லித் தருவது?

நூலகத்தில் நகர அமைப்பு பற்றிப் புரட்டியபோதுதான் கெடிஸ் அகப்பட்டார். படிக்கப் படிக்க இன்னொரு ஆச்சரியம். இவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை! டிப்ளமோதானே என்று உறவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவதைக் கேட்டு நொந்து போயிருக்கும் நம் எல்லோருக்கும் இவர் கதை ஒரு டானிக்.

வங்கியும் தச்சுப் பட்டறையும்

கெடிஸ் பிறந்தது 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற ஊரில். ஆமாம், நம் காந்தித் தாத்தா பிறந்த அதே அக்டோபர் 2தான். காந்திக்குப் பதினைந்து வயது மூத்தவர். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு மலைச் சரிவில் வீடு. அப்பாவோடு தோட்டத்தில் உருளைக்கிழங்கும் பூச்செடியும் வளர்த்ததுதான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம். மலை மேல் ஏறி நின்று பார்த்தால் ஆறும் வயலும் ஊரும் ஒரே பார்வையில் தெரியும். அந்தப் பார்வை அவரைக் கடைசிவரை விடவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பா பையனை ஒரு வங்கியில் சேர்த்துவிட்டார். ஒன்றரை வருஷம் கணக்கெழுதினார். மனம் ஒட்டவில்லை. பிறகு வீட்டிலிருந்தபடியே படிப்பு. ஒரு பக்கம் மண்ணியல், வேதியியல், தாவரவியல். இன்னொரு பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில் மேஜை நாற்காலி செய்யும் தொழில். தலையும் கையும் சேர்ந்து வேலை செய்யணும் என்று பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகச் சொன்னதற்கு விதை இந்தப் பட்டறையில் விழுந்ததுதான். நம்ம ஒர்க்‌ஷாப் வகுப்பில் இழைப்புளி பிடித்து அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்கவும்!

1874-இல் தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகம் போனார். ஒரே வாரம். பாடம் நடத்திய விதம் பிடிக்கவில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு லண்டன் போய்விட்டார். அங்கே டார்வினின் தளபதி என்று பெயரெடுத்த விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். கற்றார், ஆராய்ச்சி செய்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. பரீட்சை என்றாலே அவருக்கு ஆகாது. (இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். அரியர் விழுந்தால் கெடிஸ் வந்து காப்பாற்ற மாட்டார்!)

இருட்டறையில் கிடைத்த வெளிச்சம்

1879-இல் செடி கொடி, உயிரின மாதிரிகள் சேகரிக்க மெக்சிகோ போனார். வயது 25. அங்கே திடீரென்று பார்வை போய்விட்டது. கண்ணைக் கட்டி, இருட்டறையில் வாரக்கணக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பை நம்பி வாழ நினைத்த ஒரு இளைஞனுக்கு இதைவிடப் பெரிய இடி உண்டா?

இருட்டில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணாடிக் கட்டம், பக்கத்தில் இன்னொரு கட்டம், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்தால் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று யோசிக்கலாமே என்று தோன்றியது. பிறகு காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்கும் இயந்திரம் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார். அவர் போகிற இடமெல்லாம் மடித்த காகிதங்கள் இறைந்து கிடக்குமாம்.

பார்வை திரும்பியது. ஆனால் மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க முடியவில்லை. செடி எந்த மண்ணில், எந்தக் காற்றில், எந்தப் பக்கத்துச் செடியோடு வளர்கிறது என்று பார்த்துப் பழகியவர், அதே கண்ணை மனிதர்கள் பக்கம் திருப்பினார். மனிதன் வாழும் இடம், அவன் செய்யும் தொழில், அவனோடு வாழும் மக்கள். இடம், தொழில், மக்கள் என்ற இந்த மூன்றையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும் என்றார். லெ ப்ளே என்ற பிரெஞ்சு அறிஞரிடமிருந்து எடுத்துக்கொண்ட கருத்து இது. கெடிஸின் நகர அமைப்பு முழுவதும் இந்த மூன்று காலில்தான் நிற்கிறது.

இடிந்த குடியிருப்பில் புது மாப்பிள்ளை

1886-இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்மணியை மணந்தார். எடின்பரோவில் அப்போது வசதியுள்ளவர்கள் எல்லாம் புது நகருக்குப் போய்விட்டார்கள். பழைய நகரில் ஏழை ஜனங்கள் ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அழுக்கு, நோய், இருட்டு. புதுமணத் தம்பதி எங்கே வீடு பார்த்தார்கள் தெரியுமா? அந்தப் பழைய நகரத்தில், ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தில், அந்த ஜனங்களோடு ஜனங்களாக!

போனதும் பிரசங்கம் செய்யவில்லை. வாளியும் சுண்ணாம்பும் எடுத்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் பூத்தொட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கை கொடுத்தார்கள். மோசமான கட்டடம் ஒன்றை எடுத்துவிட்டால் அங்கே ஒரு சின்னத் தோட்டம். இடிந்ததை மட்டும் எடுப்பது, தேறுவதைப் பழுது பார்ப்பது. 1887-இல் மாணவர்களே நிர்வகிக்கும் விடுதி ஒன்றையும் அங்கே தொடங்கி வைத்தார். நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு அவர் ஒரு வகையில் பெரியப்பா!

பட்டம் இல்லாததால் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டுக் கிடைக்காமல் போனது. கடைசியில் ஒரு நண்பர் நன்கொடை தந்து டண்டி ஊரின் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்திக் கொடுத்தார். வருஷத்தில் கோடைப் பருவம் மட்டும் பாடம். 1888 முதல் 1919 வரை அந்த வேலை. மீதி மாதங்கள் எல்லாம் ஊர்களுக்காக.

1892-இல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கினார். உச்சியில் ஊரையே ஒரு மேஜை மேல் படமாக விழச் செய்யும் ஒளிக் கருவி. அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் ஒரு தளத்தில் எடின்பரோ நகரம், அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அப்புறம் ஐரோப்பா, கடைசியில் உலகம். தன் ஊரை முதலில் பார், அங்கிருந்து உலகத்துக்குப் போ என்பதைக் கட்டடமாகவே காட்டிவிட்டார்.

மலையிலிருந்து கடல் வரை

நகர அமைப்பாளர் என்றால் தெருவும் கட்டடமும் மட்டும் பார்ப்பவர் என்று நினைக்கிறோம். கெடிஸ் அப்படிப் பார்க்கவில்லை. மலையில் பிறக்கும் ஆறு கடலில் கலக்கும்வரை ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டார். மலையில் சுரங்கத் தொழிலாளி, காட்டில் மரம் வெட்டுகிறவன், வேட்டைக்காரன், புல்வெளியில் ஆட்டிடையன், சமவெளியில் உழவன், கடற்கரையில் மீனவன். இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் நகரத்தை உண்டாக்குகிறார்கள். ஆகவே ஊரைத் திட்டமிடு என்றால் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துத் திட்டமிடு என்றார்.

படிக்கும்போது நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே! நிலமும் தொழிலும் மக்களும் ஒன்று என்று நம் முன்னோர் சொன்ன விஷயத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறார். வட்டார அமைப்பு என்ற துறைக்கு வேர் இதுதான்.

இந்தக் கருத்துகளை 1915-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நகரத் தொகுதியாக ஆவதற்கு ஆங்கிலத்தில் கனர்பேஷன் என்ற பெயரை வைத்தவரும் அவரே.

சென்னைக்கு வந்தார்

இப்போது எம்டனுக்குத் திரும்புவோம். சென்னை ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, நகரங்களைச் சீர்திருத்த யோசனை சொல்லக் கெடிஸை அழைத்தார். 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பரிசு வாங்கிய கண்காட்சியோடு வரவேண்டியவர், வெறுங்கையோடு வந்து இறங்கினார். கூடவே மகன் அலாஸ்டர்.

வேறொருவர் என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். கெடிஸ் அசரவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்களுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் ஓடியாடிப் புதிதாகப் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தே விட்டது. எம்டனையே ஜெயித்த எம்டன்!

பிறகு மாகாணம் முழுவதும் சுற்றினார். எப்படி? காரிலிருந்து இறங்காமல் கைகாட்டிப் போகிறவர் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து சந்து சந்தாக நடப்பார். எங்கே கிணறு, எங்கே மரம், எந்த வீடு காலி, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, எந்த முற்றத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் எல்லாம் குறித்துக்கொள்வார்.

நம் கோயில் நகரங்களைப் பார்த்து அவர் சொக்கிப் போனார். நடுவில் கோயில், சுற்றிலும் தேர் ஓடும் அகலத் தெருக்கள், உள்ளே நிழலான குறுகிய சந்துகள். காஞ்சிபுரத்தைப் பார்த்தபோது, கோயில்கள் பெரிது என்பதைவிட ஊரே ஒழுங்காகத் திட்டமிடப்பட்டது என்பதுதான் அவரை மகிழ வைத்தது. தேர் திரும்ப முடியாத தெருவை நம் ஆட்கள் போடவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை தேர் வரும் என்பதால் தெருவில் ஆக்கிரமிப்பும் வளராது. வெள்ளைக்காரர் நமக்கு நகர அமைப்பு கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, நம்மிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது என்று அன்றைக்கே எடுத்துச் சொன்ன வெள்ளைக்காரர் அவர்.

கத்தியை எடுப்பதற்கு முன்

அந்தக் காலத்தில் நெரிசலான பகுதியைச் சீர் செய்வது என்றால் ஒரே வழிதான். வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேர்கோடு போடு. கோட்டுக்குள் வருகிற வீடுகளை இடி. அகல ரோடு போடு. முடிந்தது வேலை.

தஞ்சாவூரிலும் அப்படி ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அந்தப் பகுதியை வீடு வீடாக நடந்து பார்த்துத் தன் மாற்றுத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடிந்து பாழாய்க் கிடக்கும் வீடு எது என்று பார். அதை மட்டும் எடு. அந்த இடத்தைப் பக்கத்துச் சந்தோடு சேர்த்தால் காற்று வரும். இரண்டு காலி மனைகளைச் சேர்த்தால் ஒரு சின்னத் திடல். அதில் ஒரு மரம் வை. சந்து முட்டுச் சந்தாக நின்றால், ஒரு சுவரை நகர்த்தி அடுத்த தெருவுக்குத் திறந்துவிடு. நல்ல வீடு ஒன்றையும் தொடாதே. இப்படிச் செய்தால் செலவும் வெகுவாகக் குறையும், குடியிருப்பவர்களும் தெருவில் நிற்க வேண்டாம். இந்த முறைக்குப் பாதுகாக்கும் அறுவை சிகிச்சை என்று பெயர் வைத்தார்.

நல்ல டாக்டர் என்ன செய்வார்? வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன மாதிரி, நோய் என்ன, அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு வைத்தியம் பார்ப்பார். கையில் கத்தி இருக்கிறதே என்பதற்காக வயிற்றைக் கிழிக்க மாட்டார். ஊருக்கும் அதேதான். முதலில் சர்வே, பிறகு பிளான். நம் பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் வந்து போகும் இந்த விதிக்குப் பின்னால் இருப்பவர் கெடிஸ்தான். அவர் சொன்ன சர்வே நீளம் அகலம் மட்டும் இல்லை. அங்கே வாழ்கிறவன் என்ன வேலை செய்கிறான், தண்ணீர் எங்கே எடுக்கிறான், சாயங்காலம் எங்கே உட்காருகிறான் என்பதும் சர்வேதான்.

இன்னொரு கணக்கையும் அவர் போட்டுக் காட்டினார். நெரிசலைக் குறைக்கிறேன் என்று நூறு வீட்டை இடித்தால் அந்த நூறு குடும்பமும் மாயமாய் மறைந்துவிடாது. பக்கத்துத் தெருவுக்குப் போய் அங்கே நெருக்கும். அங்கே வாடகை ஏறும். ஆக, நெரிசல் குறையாது, இடம் மாறும். இவ்வளவுதான். எவ்வளவு எளிய கணக்கு! ஆனால் போட ஒருத்தர் வேண்டியிருந்தது.

குளத்தை மூடாதே!

பம்பாய்க்குப் பக்கத்தில் தானாவில் இன்னொரு சண்டை. கொசு வருகிறது, மலேரியா வருகிறது, எனவே குளங்களை மண் போட்டு மூடிவிடலாம் என்று சுகாதார அதிகாரிகள் பக்கம் யோசனை. கெடிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. குளம் மழைத் தண்ணீரைப் பிடித்து வெள்ளத்தைத் தடுக்கிறது. வெயில் காலத்தில் ஊரைக் குளிர வைக்கிறது. கிணற்றில் நீர் மட்டத்தைக் காக்கிறது. கொசுதான் பிரச்சினை என்றால் குளத்தைச் சுத்தம் செய்து மீனையும் வாத்தையும் விடு, அவை புழுக்களைத் தின்றுவிடும் என்றார். 1915-இல் எழுதியது இது! 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, ஏரி இருந்த இடம் எது, வீடு கட்டிய இடம் எது என்று நாமெல்லாம் தேடினோமே, அந்தப் பாடத்தை நூறு வருஷம் முன்பே ஒருத்தர் நடத்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு நாள் மகாராஜா

கெடிஸ் வாழ்க்கையில் சினிமா மாதிரி ஒரு காட்சி இந்தூரில் நடந்தது. ஊரில் பிளேக், மலேரியா. எலிகள் பெருகிக் கிடந்தன. வெள்ளைக்காரர் வரைபடத்தோடு தெருவில் நடந்தாலே வீட்டை இடிக்க வருகிறார் என்று ஜனங்கள் மிரண்டார்கள். (நம்ம பாட்டி ஞாபகத்துக்கு வருகிறாரா?) கெடிஸ் நேராக மகாராஜாவிடம் போய், என்னை ஒரே ஒரு நாள் மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டார். ராஜாவும் சரி என்றார்.

உடனே ஒரு அறிவிப்பு. இந்தத் தீபாவளிக்கு ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருவில் வீடுகளை நன்றாகச் சுத்தம் செய்து பழுது பார்த்து வைத்திருக்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் போகும்! அவ்வளவுதான், இந்தூரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். எலிப்பொறி வைத்தார்கள்.

தீபாவளி அன்று ஊர்வலம். முன்னால் யானை, குதிரை. பின்னால் விளைச்சலும் கைத்தொழிலும் காட்டும் வண்டிகள். அதற்குப் பின் பயங்கர உருவத்தில் அழுக்கு அரக்கன், பெரிய எலி, கொசு பொம்மைகள். அடுத்து வந்தவர்களைப் பார்த்து ஊரே வாயடைத்தது. தெரு கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள்! வெள்ளை வெளேரென்ற உடையில், மாலை போட்டு, மரியாதையோடு நடந்து வந்தார்கள். ஊரை உண்மையில் காப்பாற்றுகிறவர்கள் இவர்கள்தான் என்று ஊருக்கே காட்டினார் கெடிஸ். கடைசியில் லட்சுமி. ராத்திரி அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். அதன் பிறகு பிளேக் தணிந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேர் ஊர்வலத்தை நம் ஊர்களில் பார்த்தவர், அதையே மருந்தாக அங்கே மாற்றிவிட்டார். இந்தூர்த் திட்ட அறிக்கை 1918-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

அந்த 1917

ஊர்வலத்தில் சிரித்துக்கொண்டு நடந்த அந்த மனிதர் மனசுக்குள் எதைச் சுமந்தார் என்று தெரிந்தால் நமக்குத் தொண்டை அடைக்கும். சென்னைக்குக் கூட வந்த மகன் அலாஸ்டர் போர்முனைக்குப் போனார். 1917 ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்டார். தந்தி வந்தபோது மனைவி அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். தாங்க மாட்டாள் என்று கெடிஸ் செய்தியை அவரிடம் மறைத்தார். சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார், மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்போடேயே.

முப்பது வருஷம் கூட நின்று, வாளி தூக்கி, வீட்டுச் செலவையும் கடனையும் சமாளித்த மனைவி. தன் வேலைக்கு வாரிசு என்று நம்பிய மகன். இரண்டு பேரையும் ஒரே வருஷத்தில் பறிகொடுத்தார். அதன் பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. லாகூர், டாக்கா, பல்ராம்பூர், கபூர்தலா என்று அறிக்கைகள் தொடர்ந்தன. மொத்தம் இந்தியாவில் சுமார் 50 ஊர்களுக்கு அவர் யோசனை எழுதியதாகக் கணக்கு. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது முதல் பேராசிரியர் அவர்தான். பட்டம் இல்லாதவர் பட்டதாரிகளை உருவாக்கினார்! விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். தாகூரோடு நெருங்கிய நட்பு. 1921-இல் கொழும்பு நகருக்கும் திட்ட அறிக்கை கொடுத்தார்.

குறை இல்லாதவரா?

ஒரே புகழ்ச்சியாக எழுதினால் நம்ப மாட்டீர்கள். கெடிஸிடம் குறைகள் உண்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதுவும் தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார், பின் பெஞ்சுக்குக் கேட்காது. ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்றைத் தொடங்குவார். இன்ஜினியர்களை முகத்துக்கு நேராகக் குறை சொல்லிப் பகைத்துக்கொண்டார். ஆட்சியாளர்கள் அழைத்து வந்தார்கள், அறிக்கையை வாங்கினார்கள், பெரும்பாலானவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஆனாலும் விதை வீண் போகவில்லை. சென்னை மாகாணத்தில் 1920-இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அவருடைய பேச்சும் எழுத்தும் இங்கே உண்டாக்கிய சூட்டில் வந்தது என்று சொல்லலாம். அந்தச் சட்டத்தின் இடத்தில்தான் பிறகு 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1925-இல் அவர் தயாரித்த டெல் அவிவ் நகரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பகுதி 2003-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்காவின் லூயிஸ் மம்ஃபோர்ட் என்ற பெரிய எழுத்தாளர் அவரைக் குருவாகக் கொண்டார். தன் மகனுக்கே கெடிஸ் என்று பெயர் வைத்தார்.

1924-இல் உடல்நலம் கருதி இந்தியாவை விட்டு பிரான்சில் மோன்பெலியே நகருக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, ஒரு கல்லூரி கட்டினார், தோட்டம் போட்டார். முன்பு ஒரு முறை வேண்டாம் என்று மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டார். வாழ்க்கையில் அவர் வாங்கிய பெரிய பட்டம் அது ஒன்றுதான். அதே வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி, 77 வயதில் மோன்பெலியேயில் கண்ணை மூடினார்.

நமக்கு என்ன?

நண்பர்களே! இப்போது நம் கையில் டோட்டல் ஸ்டேஷன் இருக்கிறது. ஆட்டோகேட் இருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் நேர்கோடு விழும். கெடிஸ் காலத்தில் ஸ்கேலை வைத்துப் போட்ட கோட்டைவிட நம் கோடு இன்னும் நேராக இருக்கும். ஆனால் அது யாருடைய திண்ணையில் போய் முடிகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. அதை நடந்து பார்க்கிறவன்தான் சொல்ல முடியும். திட்டம் போடும் பெரிய அதிகாரி எல்லாத் தெருவுக்கும் நடந்து வர முடியாது. அந்தத் தெருவில் கால் வைக்கப் போகிறவன் டிப்ளமோ படித்த நாம்தான்.

சாய்ந்த சுவர் எது, தேறும் சுவர் எது, கோட்டை நாலடி நகர்த்தினால் ஒரு வீடு பிழைக்குமா என்று ஃபீல்டு புக்கில் ஒரு வரி எழுத நமக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். மேலே இருப்பவர் கேட்பாரா, மாட்டாரா, அது வேறு. கெடிஸ் எழுதியதையும் முக்கால்வாசி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

அந்தப் பாட்டியிடம் நான் ஒன்றும் பேசாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போனால் முதலில் ராடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி, இந்த வீடு எப்போ கட்டினது, தண்ணி எங்கிருந்து எடுக்கிறீங்க என்று கேட்பேன். சர்வே அங்கிருந்துதான் ஆரம்பம்.

வாழ்க நம் மாணவர் ஒற்றுமை!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்